இரவல் நியூட்ரல்

பெட்டி புகைந்த அன்றைக்குப் பெரியவள் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். மழைக்கு முந்தின புழுக்கம். மின்விசிறி சுற்றியும் கழுத்தில் வேர்வை அடங்கவில்லை. மோட்டார் வைத்த தையல் மெஷின் ஒரு பக்கம், இஸ்திரிப் பெட்டி ஒரு பக்கம் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாள். காலரை மடித்துச் சூட்டோடு தேய்த்தால்தான் தையல் ஒழுங்காக உட்காரும். முதலில் மீன் நாறுவது போல ஒரு வாடை வந்தது. பூனை எதையாவது கவ்விக்கொண்டு வந்து போட்டுவிட்டதோ என்று மெஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபோது, வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த ஃப்யூஸ் பெட்டியின் இடுக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு புகை இழை, அவசரமே இல்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தது.

அவள் கத்தவில்லை. கத்தினாலும் கேட்க வீட்டில் ஆள் இல்லை. துணி அளக்கிற மரக்கோலை எடுத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். காலில் ரப்பர் செருப்பு இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். ஏறி நின்று, கோலின் நுனியால் மெயின் சுவிட்சின் கைப்பிடியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். 'டக்'கென்று கீழே விழுந்தது. மின்விசிறி சலித்துக்கொண்டே நின்றது. இறங்கி, அதே ஸ்டூலில் உட்கார்ந்து, மின்சார ஆபீசுக்குப் போன் போட்டாள்.

வந்த ஆள் நல்ல மனிதர். கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார். பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து, உள்ளே பார்த்தார். பீங்கான் கட்டைகள் கருத்துப்போய்ப் பல்லிளித்துக்கொண்டிருந்தன.

"இதுல ஃப்யூஸ் வயர் போட்டது யாரு?"

"எங்க வீட்டுக்காரர்."

"ஃப்யூஸ் வயராம்மா இது? இதை வெச்சு ஆட்டையே கட்டலாம்." அவர் கட்டையைப் பிடுங்கிக் காட்டினார். தடித்த செப்புக்கம்பி, நாலைந்து இழை சேர்த்து முறுக்கியது. "வீடு எரிஞ்சாலும் இது உருகாது. அப்புறம் ஃப்யூஸ்னு ஒண்ணு எதுக்கு?"

கம்பத்தில் ஏறி இந்த வீட்டு இணைப்பைக் கழற்றிவிட்டார். பெட்டியை மாற்ற வேண்டும், லைசென்ஸ் உள்ள ஆளைக் கொண்டு மாற்ற வேண்டும், கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச் கட்டாயம் வேண்டும், வேலை முடிந்ததும் சொன்னால் சோதித்துப் பார்த்து இணைப்புக் கொடுப்போம் என்றார். படி இறங்கும்போது திரும்பி, "கோலால தட்டினீங்க பாருங்க, அது நல்ல காரியம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பெரியவன் பட்டறையிலிருந்து வந்தான். அவன் தச்சன். தலைமுடியிலும் புருவத்திலும் மரத்தூள் ஒட்டியபடியே பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"ஒண்ணுமில்ல. கட்டைதான் கருகியிருக்கு. இதுக்குப் போய் ஆபீசுக்குப் போன் பண்ணுவியா? நான் வந்து முறுக்கிப் போட்டிருப்பேன்ல."

"முறுக்கிப் போட்டு முறுக்கிப் போட்டுத்தான் இந்த லட்சணத்துல வந்து நிக்குது."

"இத்தனை வருஷம் ஓடலையா?"

"ஓடுச்சு. இன்னைக்கு என்னையும் சேர்த்து ஓட வெக்கப் பார்த்துச்சு."

அவன் பேச்சை மாற்றினான். "மரப்பெட்டி கூடாதுன்னா சொன்னான்?"

அதுதான் அவனுக்கு உறுத்தியது. அந்தப் பெட்டியை அவன் கையாலேயே செய்திருந்தான். மூலைகளில் ஆணியே இல்லாமல் கோத்து, கதவில் ஒரு கொடி செதுக்கி, மெருகு போட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை அலமாரி என்று நினைத்துத் திறக்கப் போவார்கள்.

"மரம், அட்டை, தீப்பிடிக்கிற எதுவும் கூடாதாம்."

"அப்ப நாம மட்டும் எதுக்கு மரக் கட்டில்ல படுக்கறோம்?" என்று முனகிக்கொண்டே கைகால் கழுவப் போனான்.

அன்று ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் ரொட்டியும் முட்டையும் தின்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. சின்னவன் வீட்டில் கரண்ட் இருந்தது.

ஒரே வீடுதான் அது. அப்பா காலமான பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் கூடத்தின் நடுவே சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டார்கள். சண்டை போட்டுப் பிரிந்ததில்லை. இரண்டு குடும்பம், ஒரு அடுப்பு, இடம் போதவில்லை. சுவர் வைத்த அன்று இரண்டு பேருமே சிமெண்ட் குழைத்தார்கள். இரண்டு பெண்களும் ஒரே சட்டியில் சமைத்துப் போட்டார்கள். தம்பி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். அவன் பெண்டாட்டி, இந்தத் தெருவுக்கே சின்னவள், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. பின்பக்கத்துப் பழைய குளியலறை அவர்கள் பங்கில் போனது. இவர்கள் தங்களுக்கு ஒன்று புதிதாகக் கட்டிக்கொண்டார்கள்.

அவர்களுக்குள் பேச்சு நின்றது, சுவர் வைத்துச் சில வருஷம் கழித்து ஒரு நாளில். அன்றும் பெரியவள் மெஷினும் இஸ்திரியும் சேர்த்து ஓட்டித்தான் ஃப்யூஸ் போனது. பெரியவன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கம்பி முறுக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்தில் 'தொம்'மென்று ஒரு சத்தம், கூடவே ஒரு அலறல். குளியலறை லைட்டு எரியவில்லை, பல்பு போய்விட்டது என்று ஸ்டூலில் ஏறிக் கை வைத்த சின்னவளைக் கரண்ட் தூக்கி எறிந்திருந்தது. மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டு வந்த பிறகு தம்பி வந்து வாசலில் நின்றான்.

"அண்ணே, உன் பக்கம் என்ன பண்ணினே? உன் ஃப்யூஸ் போறப்பல்லாம் எங்க பாத்ரூம் லைட்டு அணையுது. நான் கவனிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"உன் வீட்டு பல்புக்கு என் வீட்டுல சாவி இருக்கா? உனக்குத் தனி மீட்டர், தனிப் பெட்டி. எம்மேல ஏண்டா பழி போடறே?"

"பழி இல்லண்ணே. நடந்ததைச் சொல்றேன்."

"உன் பொண்டாட்டிக்கு ஸ்டூல்ல நிக்கத் தெரியலைன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

அந்த ஒரு வார்த்தை. தம்பி திரும்பினான். படியிறங்கிப் போனான். அதற்குப் பிறகு தெருமுனையில் எதிரெதிரே வந்தாலும் ஒருவர் செருப்பை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். பெரியவள் அன்றைக்குச் சின்னவளுக்கென்று சூப்பு வைத்தாள். கொண்டுபோகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் அது ஆறிப்போனது. கடைசியில் தானே குடித்தாள்.

மறுநாள் காலையில் கரண்டக்கா வந்தாள். லைசென்சில் வேறு ஏதோ பெயர் இருக்கும். ஊரில் எல்லோருக்கும் அவள் கரண்டக்காதான். மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடையில் வேலைக்குச் சேர்ந்து, பரீட்சை எழுதி வயர்மேன் ஆனவள். "பொம்பளைக்கு வயர்மேன்னு சர்டிபிகேட் கொடுத்திருக்காங்க, அந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல" என்று அவளே சிரிப்பாள். கனத்த உடம்பு. எப்போதும் வாயில் ஒரு கிராம்பு. வயர்களோடு பேசுகிற பழக்கம் உண்டு.

பெட்டிக் கதவைத் திறப்பதற்கு முன் செதுக்கின கொடியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"யார் வேலை இது?"

"நான்தான்" என்றான் பெரியவன். அன்றைக்கு அவன் பட்டறைக்குப் போகவில்லை. பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பிரமாதமா இருக்குண்ணே. இதுல டெய்லரக்காவோட வளையலை வைங்க. கரண்டை வைக்காதீங்க."

பெரியவள் சிரித்துவிட்டாள். அவனுக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது.

கரண்டக்கா ஒவ்வொன்றாகக் காட்டினாள். போகிற வயரிலும் ஃப்யூஸ், திரும்பி வருகிற வயரிலும் ஃப்யூஸ். "இது அந்தக் காலத்துப் பழக்கம். இப்ப நியூட்ரல்ல ஃப்யூஸ் வெக்கவே கூடாது. இந்தக் கட்டை மட்டும் போச்சுன்னா, லைட்டு எரியாது. ஆனா வயர்ல கரண்ட் நிக்கும். செத்துப்போன மாதிரி நடிக்கிற பாம்புதான்." எர்த் வயர் இரும்பு மெயின் பெட்டிக்கு மட்டும் வந்திருந்தது; வீட்டுக்குள் போக வேண்டியது பாதி வழியில் ஒரு ஆணியில் கட்டப்பட்டு நின்றிருந்தது. "இது யாருக்காக? ஆணிக்கா?" என்று அதைப் பார்த்துக் கேட்டாள். மெஷினுக்கும் இஸ்திரிக்கும் தனி லைன், லைட்டுக்குத் தனி, அடுப்படிக்குத் தனி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன சுவிட்ச், எல்லாவற்றுக்கும் தலையில் கசிவுக்கு விழுகிற பெரிய சுவிட்ச் என்று சுண்ணாம்புக்கட்டியால் சுவரில் கோடு போட்டாள்.

பிறகு டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். மெயின் ஆஃப். கம்பத்திலும் கழற்றியாயிற்று. டெஸ்டர் மினுங்கவில்லை. "சுத்தமா செத்துப்போச்சு" என்று ஸ்டூலில் ஏறி வேலையை ஆரம்பித்தாள். ஃப்யூஸ் கட்டைகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன. போகிற வயர்களை விடுவித்துத் துணியால் துடைத்து, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி அடையாளம் போட்டாள். வெளியே தூறல் பிடித்தது. பெரியவள் தையல் இல்லாமல் கை பரபரக்க, சட்டைகளுக்குப் பட்டன் தைக்க உட்கார்ந்தாள். தைத்து முடித்த சட்டைகள் ஸ்டூலுக்குப் பின்னால் மூட்டையாகக் குவிந்திருந்தன.

மதியம் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சின்னவள் வேலை முடிந்து வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றினாள், பையை வைத்தாள், பின்பக்கம் போனாள். சுவர் மெல்லிசு, எல்லாம் கேட்கும்.

கரண்டக்கா திரும்பி வருகிற வயர்களை மொத்தமாகச் சேர்த்து ஒரு கையில் பிடித்தாள். இன்னொரு முழங்கை இரும்பு மெயின் பெட்டியில் சாய்ந்திருந்தது.

"ஐயோ!"

குறடு ஒரு பக்கம் பறந்தது. ஆள் ஸ்டூலோடு சாய்ந்து, சட்டை மூட்டையின் மேல் மல்லாந்தாள். பெரியவள் ஊசியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

"தொடாதே!" என்று கத்தினான் பெரியவன். பிறகு, அவள் வயரை விட்டுவிட்டாள் என்று தெரிந்ததும், அவனே தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

கரண்டக்கா கையை உதறினாள். முகம் வெளுத்திருந்தது. கிராம்பு எங்கேயோ தெறித்துவிட்டது. பெரியவள் கொடுத்த தண்ணீரைக் குடித்து, நெஞ்சில் கை வைத்து, நிதானமாக மூச்சு வாங்கினாள்.

"ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகல. நீங்க பயப்படாதீங்க. இந்தச் சட்டை இல்லன்னா இடுப்பு போயிருக்கும்."

"கம்பத்துலேயே கழட்டியாச்சு. எங்கிருந்து வருது கரண்ட்?" என்றான் பெரியவன்.

"அதைத்தான் நானும் கேக்கறேன். போற வயரைத்தான் பார்த்தேன். வர்ற வயரைப் பார்க்கல. பார்த்திருக்கணும். எம்புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். டெஸ்டரை நியூட்ரல் வயர்களில் ஒவ்வொன்றாக வைத்தாள். ஒன்றில் மட்டும் மினுங்கியது. பையிலிருந்து ஹோல்டரில் மாட்டிய ஒரு பல்பை எடுத்தாள். அதில் இரண்டு வயர் தொங்கியது. ஒன்றை இரும்புப் பெட்டியிலும் மற்றதை அந்த வயரிலும் வைத்தாள். பல்பு நோயாளிக் கண் மாதிரி மங்கலாகச் சிவந்தது.

அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவளின் குரல் கேட்டது. தனக்குத்தானே பேசுகிற குரல். "அட, எரியுதே!"

கரண்டக்கா வயரை எடுத்தாள். பல்பு அணைந்தது.

"போச்சு" என்றது குரல்.

மறுபடி வைத்தாள். "வந்துருச்சு. இதென்ன கண்ணாமூச்சி?"

கரண்டக்கா மெதுவாகத் திரும்பி, சுவரைப் பார்த்தாள். "அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"என் தம்பி வீடு" என்றான் பெரியவன். சொன்ன வேகத்தில் கொதிப்பும் ஏறிவிட்டது. "பார்த்தியா? நான் சொல்லல? அவன் வேலைதான் இது. வேணும்னே நம்ம லைன்ல கரண்டை விடறான்."

"பக்கத்து வீட்டுல கொண்டுவந்து கொட்டறதுக்குக் கரண்ட் என்ன குப்பையாண்ணே? கொஞ்சம் இருங்க." அவள் ஸ்டூலை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தாள். "ஒரு லைட்டுன்னா ஒரு வயர்ல கரண்ட் போகணும், இன்னொரு வயர்ல திரும்பி வரணும். அவங்க லைட்டுக்குப் போற வயர் அவங்க பெட்டியில இருந்து போகுது. திரும்பற வயர் உங்க பெட்டிக்கு வருது. நியூட்ரலை இரவல் வாங்கியிருக்காங்க. வாங்கினது அவங்களுக்கும் தெரியாது, கொடுத்தது உங்களுக்கும் தெரியாது. நான் இங்க எல்லாத்தையும் அவுத்துப் போட்டுட்டேன். அந்தம்மா அங்க சுவிட்சைப் போட்டாங்க. திரும்பிப் போக வழியில்லாம கரண்ட் என் கையில வந்து நின்னுச்சு."

"அப்ப நம்ம பக்கம் அதை வெட்டி விட்டுடு. தீர்ந்தது."

"வெட்டலாம். வெட்டாம விட்டா, புதுசா வெக்கிற சுவிட்ச் போறதும் வர்றதும் சமமா இருக்கான்னு பார்க்கும். அவங்க லைட்டுப் போடறப்பல்லாம் உங்க வீடு இருட்டாயிரும். அதனால வெட்டித்தான் ஆகணும்." அவள் கையுறையைக் கழற்றினாள். "ஆனா வெட்டிட்டா அவங்க லைட்டு எரியாது. ஹோல்டர்ல மட்டும் கரண்ட் நின்னுக்கிட்டே இருக்கும். பல்பு போச்சுன்னு நெனச்சு யாராவது ஏறிக் கை வெச்சா?"

தூறல் தகரக் கூரையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பெரியவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையில் கிடந்த ஃப்யூஸ் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குக் கம்பி முறுக்கிக்கொண்டு நின்றபோது அவன் கையில் இருந்ததும் அதே கட்டைகள்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது என்று அவன் கழுத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது.

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றாள்.

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பத்தடி தூரம்தான் அந்த வாசல். மழையில் நனைந்துகொண்டு நடந்தபோது ஏதோ வெளியூருக்குப் போகிற மாதிரி இருந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கியவள், என்னவென்று கூப்பிடுவது என்று ஒரு கணம் திகைத்தாள். அதற்குள் கதவு திறந்தது. சின்னவள் சலவைக்கூடத்து நீலச் சட்டையோடு நின்றாள். ஆள் இளைத்திருந்தாள். காதோரம் நரை.

"அக்கா?"

"அந்த லைட்டு சுவிட்சை அணைச்சுடும்மா. முதல்ல அதை அணைச்சுட்டு வா."

சின்னவள் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் அணைத்துவிட்டு வந்தாள். பெரியவள் வாசலிலேயே நின்று, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி புகைந்தது, கரண்டக்கா விழுந்தது, இரவல் வயர், வெட்டினால் என்ன ஆகும் என்பது. முறை தவறிச் சொன்னாள், சொன்னதையே திரும்பச் சொன்னாள். சின்னவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நேத்து ராத்திரியில இருந்து அந்த லைட்டு எரியலக்கா. நான் கிட்டயே போகல. டார்ச் அடிச்சுத்தான் குளிச்சோம். இப்ப பழக்கத்துல சுவிட்சைப் போட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அன்னைக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்?"

"அப்படித்தான்."

"அவர் சொன்னது பொய் இல்ல."

"இல்லம்மா. இவர் சொன்னதும் பொய் இல்ல. இவருக்கு நிஜமாவே தெரியாது. ஆனா சொன்ன வார்த்தை..." பெரியவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நானும்தான் வரல. வந்திருக்கணும்."

"கட்டுப் போட்டிருந்த அத்தனை நாளும் கதவைப் பார்த்துட்டே இருந்தேன்க்கா. நீங்க வருவீங்கன்னு." குரலில் கோபம் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். "உள்ள வாங்க. தலையெல்லாம் நனைஞ்சிருக்கு."

துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அப்புறம் போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள். "சீக்கிரம் வாங்க. ஒண்ணும் பயமில்ல. அண்ணன் வீட்டு விஷயம்" என்று மட்டும் சொன்னாள்.

சின்னவன் வரும்போது கரண்டக்கா அந்தப் பக்கத்துக் கூடத்தில், சுவரும் கூரையும் சேருகிற இடத்தில், சாந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். மெயினை அணைத்து, இந்தத் தடவை இரண்டு வயரையும் சோதித்துப் பார்த்த பிறகுதான் கை வைத்தாள். பெரியவனும் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உடனே இரண்டு பேருமே ஏணியின் உச்சியைப் பார்த்தார்கள்.

சாந்து உதிர்ந்து ஒரு வட்ட மூடி தெரிந்தது. அதைத் திறந்ததும் கறுப்பு டேப் சுற்றின ஒரு முடிச்சு தொங்கியது.

"இதோ இருக்காரு" என்றாள் கரண்டக்கா. "யாரு இந்தப் புண்ணியவான்? வயர்மேன் கட்டின கட்டு இல்ல இது. கயிறு முறுக்கற மாதிரி முறுக்கியிருக்கு."

அந்த முறுக்கு யாருடையது என்று அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மர வேலைக்காரன் கை.

"சுவர் வெச்ச அன்னைக்குப் பண்ணினது" என்று சின்னவன் சொன்னான். கரண்டக்காவைப் பார்த்துத்தான் சொன்னான். "எனக்குப் புதுப்பெட்டி வந்துச்சு. பாத்ரூம் லைட்டுக்கு ஒரு வயரை மட்டும் மாத்தினா போதும், இன்னொண்ணு எப்படியும் எல்லாத்துக்கும் பொதுதானேன்னு நெனச்சோம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்ணினோம். அண்ணன் முறுக்கினான். நான் டார்ச் பிடிச்சேன். டேப்பு சுத்தினது நான்."

"அதான் டேப்பு இவ்வளவு கோணலா இருக்கு" என்றான் பெரியவன்.

அது அவன் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்த பிறகு அவனே திடுக்கிட்டான். சின்னவன் சிரிக்கவில்லை. ஆனால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். சங்கடம் வந்தால் அவன் செய்கிற காரியம் அது.

பெரியவன் ஏணியை விட்டான். அடுப்படி வாசலில் நின்ற சின்னவளிடம் போனான். பெரிய உடம்பு, எங்கே வைப்பது என்று தெரியாத கைகள்.

"அந்தக் கையைக் காட்டும்மா."

அவள் காட்டினாள். மணிக்கட்டில் எலும்பு கொஞ்சம் மேடாகக் கூடியிருந்தது. மரத்தில் ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தான். தொடவில்லை.

"வலிக்குதா?"

"மழை வந்தா வலிக்கும் மாமா. ஈரப் போர்வையைத் தூக்கினா வலிக்கும்."

"இன்னைக்கு மழை."

"ஆமா. இன்னைக்கு வலிக்குது."

"நான் அன்னைக்குப் பேசினது தப்பு. எந்த வாயால அப்படிச் சொன்னேன்னு தெரியல."

சின்னவள் கையை இழுத்துக்கொண்டாள். அவன் நின்றான். எல்லோரும் நின்றார்கள். ஏணி மேல் இருந்த கரண்டக்கா மட்டும் முடிச்சை அவிழ்க்கிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன் மாமா" என்றாள் சின்னவள். "ரொம்ப நாள் அழுதிருக்கேன். ஆனா நீங்க வந்து நிக்கறீங்க பாருங்க. அது போதும் இப்போதைக்கு." பிறகு, "டீ போடட்டுமா? கேஸ் அடுப்புதான், கரண்ட் வேண்டாம்" என்றாள்.

டீயும் பிஸ்கட்டும் வந்தன. ஏணியின் மேலேயே டம்ளரை வாங்கிக் குடித்த கரண்டக்கா அடுத்த குண்டைப் போட்டாள். "உங்க பெட்டியும் இதே கதைதான் தம்பி. இதையும் மாத்தணும். இன்னைக்குக் குளியலறைக்கு மட்டும் உங்க பெட்டியில இருந்தே புது நியூட்ரல் இழுத்துத் தரேன். பெட்டியை அடுத்த வாரம் வந்து வெக்கறேன். அதுவரைக்கும் மிக்ஸியும் ஹீட்டரும் சேர்த்துப் போடாதீங்க."

வயர் இழுக்கிற வேலைக்கு ஒரு ஆள் போதாது. குழாய்க்குள் ஒரு முனையிலிருந்து ஒருவர் தள்ள வேண்டும், மறுமுனையில் இன்னொருவர் இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் வயர் உரியும், மெதுவாகத் தள்ளினால் வளைவில் மடங்கும். பெரியவன் தள்ளினான், சின்னவன் இழுத்தான். முதலில் கரண்டக்கா நடுவில் நின்று, "தள்ளுங்க", "இழுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வளைவில் வயர் சிக்கியபோது அவள் வேறு வேலையாக இருந்தாள். மறுமுனையிலிருந்து தம்பி வயரை ஒரு சுண்டு சுண்டினான். புரிந்துகொண்டு பெரியவன் கொஞ்சம் பின்னால் வாங்கி, மறுபடி தள்ளினான். வயர் வழுக்கிக்கொண்டு போனது.

அன்றைக்கு இருட்டுவதற்குள் இந்தப் பக்கம் புதுப்பெட்டி ஏறிவிட்டது. வெள்ளை இரும்புப் பெட்டி. கண்ணாடி மூடிக்குள் சுவிட்சுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கீழும் கரண்டக்கா எழுதி ஒட்டியிருந்தாள்: மெஷின், லைட்டு, அடுப்படி. வாசலுக்கு வெளியே ஈர மண்ணில் எர்த் கம்பி இறங்கியிருந்தது. மரப்பெட்டியைப் பெரியவன் பத்திரமாகக் கழற்றித் துடைத்து உள்ளே கொண்டுபோனான்.

மறுநாள் மின்சார ஆபீஸ் ஆள் வந்தார். கருவியை வைத்து ஒவ்வொரு லைனாக அளந்து பார்த்தார். எர்த்தைச் சோதித்தார். கசிவு சுவிட்சின் பொத்தானை அழுத்தினார். அது 'டப்'பென்று விழுந்தது. திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுக் கம்பத்தில் இணைப்பைக் கொடுத்தார். மின்விசிறி சுற்றத் தொடங்கியது. பெரியவள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, கை வைக்காமல், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்றாள் கரண்டக்கா. "அந்தப் பக்கம் லைட்டைப் போட்டா இங்க சுவிட்ச் விழக் கூடாது. நான் அங்க போய் ஹோல்டரைப் பார்த்துக்கறேன். அண்ணே, நீங்க இங்க நின்னு பெட்டியைப் பார்த்துக்கிட்டே குரல் கொடுங்க. தம்பி அங்க போடட்டும்."

அவள் போய்விட்டாள். பெரியவன் பெட்டிக்கு முன்னால் நின்றான். தொண்டையைச் செருமினான். சுவரைப் பார்த்தான். பெரியவள் ஊசியில் நூல் கோக்கிற பாவனையில் குனிந்துகொண்டாள்.

"டேய்" என்றான். குரல் எழும்பவில்லை. மறுபடியும், இந்தத் தடவை தெருவுக்கே கேட்கிற மாதிரி, "டேய் தம்பீ! போடுடா!" என்றான்.

"போட்டேண்ணே!" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உடனே வந்தது.

"எரியுதா?"

"எரியுது! அங்க விழுந்துச்சா?"

"விழல! அப்படியே நிக்குது!"

"சரிதாண்ணே, போதும்!" இது கரண்டக்காவின் குரல். "ஒரு தடவை நின்னா நின்னதுதான்!"

பெரியவன் பெட்டியை விட்டு நகரவில்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டான்.

"நீ இரு கரண்டக்கா. டேய், அணைச்சுட்டு இன்னொரு வாட்டி போடு, பார்க்கலாம்!"

"போட்டுட்டேண்ணே!"

"எரியுதா?"

"நல்லா எரியுதுண்ணே!"

"இன்னொரு வாட்டி!"